கடவுளுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் வரைந்தவன்

கடவுளை ஸ்கேல் வைத்து வரைந்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் எங்கள் ‘பென்சில்’தான். முன்தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், குறுக்குவெட்டு, மூன்றும் போட்டவன்.

கோலார் தங்கவயல் சுரங்கத்தின் வரைபட ஆபீசில் நான் டிப்ளமோ முடித்துச் சேர்ந்திருந்த காலம் அது. பென்சில் பத்தொன்பது வயதுப் பயிற்சியாளன். காதில் ஒன்று, பையில் ஒன்று, வாயில் ஒன்று என்று எப்போதும் மூன்று பென்சில்கள். வாயில் இருப்பதை எடுக்காமலே பேசுவான்.

அவன் அக்கா கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழிக்குப் பதிலாகச் சுரங்கத் தொப்பி விளக்கை வரைந்து, ராபர்ட்சன்பேட்டை அச்சகத்தில் கொடுத்துவிட்டான். “இருட்டுல வழி காட்டுறது எதுவோ, அதாங்க சாமி” என்பது அவன் கட்சி. மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, தண்ணிக் கொழாயா?” என்று கேட்டார்கள்.

எங்கள் ஆபீசில் ஆயுத பூஜைக்குப் படம் வாங்குவதில்லை. யாராவது வரைந்து மாட்டுவதுதான் வழக்கம். அந்த வருஷம் பென்சிலின் முறை. நாங்கள் சரஸ்வதியை எதிர்பார்த்தோம். அவன் சுரங்கத்துக்குள் நேர்கீழே இறங்கும் ஷாஃப்டை வரைந்திருந்தான்: ஓரத்தில் சின்னதாக முன்தோற்றமும் பக்கவாட்டுத் தோற்றமும், நடுவில் பெரிதாகக் குறுக்குவெட்டு. கீழே கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள். அங்கிருந்து மேலே போகும் பெல் கம்பி. உச்சியில் கேஜை ஏற்றி இறக்கும் இன்ஜின் வீடு. அதற்குள் லீவரைப் பிடித்தபடி, புள்ளிக்கோட்டால் இன்ஜின் டிரைவர். கண்ணுக்கு மறைந்திருப்பதை எங்கள் தொழிலில் புள்ளிக்கோட்டில்தான் காட்டுவோம்.

“கேஜில நிக்கிறவனுக்கு டிரைவர் தெரிவாரா? தெரிய மாட்டாரு. பெல் அடிக்கிறான், மேல தூக்குறாரு. அதான் சாமி.”

“உன் சாமிக்கு ஷிப்டு உண்டாடா?” என்றார் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன்.

“மூணு ஷிப்டு சார். மூணு சாமி.”

எல்லோரும் சிரித்தோம். ஒரு பிரதியை யாரோ இன்ஜின் வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அங்கேதான் வினை. இறங்கப் போகிறவர்கள் இன்ஜின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து டிரைவரைக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒருவர் லீவருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

நாலாம் நாள் டிரைவரே எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். ஐம்பது வயது, கனத்த உடம்பு.

“இன்னாப்பா பண்ணி வச்சிருக்கே? இருபது வருஷமா லீவரப் புடிச்சா கை கம்முனு இருக்கும். இப்ப நடுங்குது. கீழ அத்தினி பேர் உசுரு. நான் சாமின்னா, தப்பு பண்ணா யாரு கேப்பா?”

பென்சில் வாயிலிருந்த பென்சிலை எடுத்தான். அவன் அப்படி எடுத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஹெட் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இவர் புகார் எழுதிக் குடுத்தார்னா, பையன் வேலை பர்மனென்ட் ஆகாதும்மா.”

“கிழிச்சுடவா மாமா?” என்றான் பென்சில்.

“சாமி படத்தக் கிழிப்பியாடா?” டிரைவர் பதறிப்போனார்.

கிழிக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. பென்சில் சுவரிலிருந்த மூலத் தாளைக் கழற்றி மேசையில் விரித்தான். பிறகு ஸ்கேலை எடுத்து, புள்ளிக்கோட்டு டிரைவரின் கைப்பக்கத்தில் ஒரு பெல் வரைந்தான். அதிலிருந்து ஒரு கம்பி. இன்ஜின் வீட்டுக் கூரையைத் தாண்டி, தாளின் ஓரத்துக் கட்டத்தையும் தாண்டி, விளிம்புவரை இழுத்துவிட்டான்.

“இது நீங்க அடிக்கிறதுக்கு மாமா.”

டிரைவர் குனிந்து பார்த்தார். “மேல யாரு?”

“தாள்ல எடம் இல்ல மாமா.”

அவர் நிமிர்ந்தார். கையை நீட்டிப் பார்த்தார், மடக்கினார். “இதுல ஒரு பிரதி குடு. பழசக் கழட்டிட்டு இத மாட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஆபீசில் பிரதி எடுக்க முடியாது. பயிற்சியாளர்கள் வரைவதைச் சரிபார்ப்பது என் வேலை; ஹெட் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பார்த்தேன்: அளவு சரி, குறியீடு சரி, எழுத்து சரி. கட்டத்துக்கு வெளியே கோடு போகக் கூடாது என்பது முதல் விதி. கையெழுத்துப் போட்டேன்.

“எதுனா தப்பு இருக்குதாக்கா?” என்று கேட்டான் பென்சில்.

“ஒண்ணு இருக்கு,” என்றேன். “இருந்துட்டுப் போகட்டும்.”