முளைப்புப் பார்க்கப் போன ரெத்தினம்

"இங்க வலிக்குதா?"

"ஆமாங்கய்யா."

"இங்க?"

"அங்கயும் வலிக்குதுங்க."

"அமுக்காத இடத்துல?"

"அங்கதாங்க ரொம்ப."

டாக்டர் கையை எடுத்துவிட்டு, ரெத்தினத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரிய சிஸ்டரும் பார்த்தார். ரெத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வளைந்தார். ஐம்பது வயது வரை ஒரு நாளும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காதவருக்கு, எவ்வளவு வளைந்தால் போதும் என்பது தெரியவில்லை.

"பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரே பொண்ணுங்க. பன்னண்டாவது முடிச்சிருக்கு."

"மார்க்கு?"

"ஆயிரத்து நாப்பத்திரண்டுங்க." சொல்லும்போது வலியை மறந்து நிமிர்ந்துவிட்டார். உடனே நினைவு வந்து மறுபடி வளைந்தார்.

வயிற்று வலிக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வேரிலிருந்து விசாரிப்பார்கள் போலிருக்கிறது.

"அட்மிட் பண்ணிடுங்க சிஸ்டர். அந்த ஓரத்துக் கட்டில்."

"சரிங்க சார், ஓரத்துக் கட்டில்தானே?" என்று பெரிய சிஸ்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

இப்படியாக ரெத்தினம், ஒரு வலியும் இல்லாமல், ஆடி மாதத்து வியாழக்கிழமை காலையில் அரசு ஆஸ்பத்திரியில் படுத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் பொன்னிக்கு நர்சிங் படிக்க இரண்டு இடத்தில் சீட்டுக் கிடைத்திருந்தது. ஒன்று அரசு நர்சிங் பள்ளி. மூன்று வருஷ டிப்ளமா, செலவு கைக்கு அடங்கும். இன்னொன்று தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜ். நாலு வருஷ டிகிரி, ஐந்தரை லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அந்த சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

பேங்க் மேனேஜர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்: "நாலு லட்சம் வரைக்கும் படிப்புக் கடன் ஜாமீன் இல்லாம தருவேன். அதுக்கு மேல வேணும்னா நிலத்துக் காகிதத்தைக் கொண்டாங்க."

நிலம் என்றால் மூன்று மா, ஏக்கர் கணக்கில் ஒன்று. ரெத்தினத்தின் அப்பா மருதையன் பண்ணையில் கூலிக்கு நின்றவர். சங்கத்துக் கொடி பிடித்து, போலீஸ் அடியில் இடது காது கேட்காமல் போய், பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து வாங்கிய பட்டா அது. சாகும்போது மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்தக் காகிதம் இன்னொருத்தன் பெட்டிக்குள்ள போகக் கூடாதுடா." அன்று முதல் அந்தப் பட்டா குலசாமி வீரனார் படத்துக்குப் பின்னால், மஞ்சள் பையில், விபூதி வாசனையோடு இருந்தது.

பட்டாவை வெளியே எடுக்க ரெத்தினத்துக்கு மனசு வரவில்லை. மகளுக்குக் குறைந்த படிப்பைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. டீக்கடை வைரக்கண்ணு வேறு தினமும் பேசினார். அந்தத் தனியார் காலேஜுக்கு ஆள் சேர்த்துவிடுவது அவருக்கு உபதொழில்.

"மாப்ளே, அங்க படிச்ச புள்ள ஊசி போட்டா எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். கவர்மென்ட்டுல படிச்சது போட்டா கடப்பாரை. காசுக்கேத்த கை."

அதைக் கேட்டபோதுதான் ரெத்தினத்துக்கு அந்த யோசனை வந்தது. விதை நெல் வாங்கினால் யாராவது அப்படியே நாற்றங்காலில் தெளிப்பார்களா? நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் முடிந்து, மூன்று நாள் கழித்து எத்தனை முளைத்தது என்று பார்த்துவிட்டுத்தானே தெளிக்கிறோம்? ஐந்தரை லட்சம் போடுவதற்கு முன் முளைப்புப் பார்க்க வேண்டாமா?

அந்த இரண்டு இடத்துப் பிள்ளைகளும் பயிற்சிக்கு வருவது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீல உடுப்பு. தனியார் காலேஜுக்கு ரோஸ். மனைவி தங்கம்மாளிடம், "சம்பாவுக்கு விதை பார்க்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். முழுப் பொய் இல்லை என்று வீரனாரிடம் வழி நெடுக விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் ரோஸ் உடுப்பு வந்தது. ஹமீதா பானு என்று பெயர்ப்பட்டை. கையில் சிவப்பு மருந்து ஏற்றிய ஊசி.

"பயப்படாதீங்க ஐயா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

ரெத்தினம் கண்ணை மூடி எறும்புக்காகக் காத்திருந்தார். வந்தது எறும்பு இல்லை. தேளும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று.

ஒரு நெல்லை வைத்து முளைப்பைச் சொல்ல முடியுமா? நீல உடுப்பையும் பார்க்க வேண்டும். அரை மணி கழித்து, "ஐயோ! அம்மா! குடலைப் பிசையுதே!" என்று போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நீல உடுப்பு ஓடி வந்தது. சாவித்திரி என்ற பெண். ஊசி போட்டாள். அதுவும் ஏறக்குறைய அதே நடுவாந்தரம்தான். ஆனால் சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார்.

"வலி கூடுது போலிருக்கே. இன்னைக்கு வயித்துக்கு முழு ஓய்வு. பச்சைத் தண்ணி கூடக் குடுக்காதீங்க சிஸ்டர்."

ரெத்தினம் திடுக்கிட்டார். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பழையது கூடச் சாப்பிடாமல் வந்திருந்தார்.

பன்னிரண்டரைக்கு சாம்பார் சாதம் வந்தது. வார்டு முழுக்க வந்தது. ஓரத்துக் கட்டிலை மட்டும் தாண்டிப் போனது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ராமாயி, "ஐயாவுக்கு வலி எப்படி?" என்று கேட்டாள்.

"இப்ப கொஞ்சம் தேவலாம்" என்றார் ரெத்தினம், சாம்பார் போன திசையைப் பார்த்துக்கொண்டே.

பசி ஏற ஏற, வந்த வேலையைச் சுருக்காக முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. இரண்டு பெண்களும் சேர்ந்து காய்ச்சல் பார்க்க வந்தபோது, யாருக்கோ விசாரிப்பது போல ஆரம்பித்தார்.

"ஏம் பாப்பா, எங்க ஊர்ல ஒருத்தர்... அவரு பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் சீட்டுக் கிடைச்சிருக்காம். எது நல்லதுங்கிறாரு. எனக்கு என்ன தெரியும்? வயித்துவலிக்காரன்."

ஹமீதா சாவித்திரியைப் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள்.

"அவருகிட்ட சொல்லுங்க ஐயா. எங்க காலேஜுல பாடம் நல்லாத்தான் நடத்துறாங்க. குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க அக்காவும் அங்கதான் கடன் வாங்கிப் படிச்சா. முதல் வேலையில சம்பளம் எட்டாயிரம். தவணை ஏழாயிரம். அதனால ரெண்டு ஷிப்டு பார்க்கிறா. நோயாளி கூப்பிட்டா நின்னு ஒரு வார்த்தை பேச நேரமில்லைன்னு அவளே அழுவா. ஒரு மாசம் வேலையை விட்டா தவணை நிக்கும், அதனால மேட்ரன் என்ன திட்டினாலும் கேட்டுக்கணும்."

"எங்களுக்கு டிகிரி இல்லைங்கிறது குறைதான் ஐயா," என்றாள் சாவித்திரி. "ஆனா வேலைக்குப் போயி, பின்னால ரெண்டு வருஷம் சேர்த்துப் படிச்சா டிகிரி வந்துடும். அப்ப நம்ம சம்பாத்தியத்துலயே படிச்சிக்கலாம். அதையும் அவருகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடுறேன், சொல்லிடுறேன்" என்றார் ரெத்தினம். தன்னுடைய சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. ஒரு சந்தேகமும் வராமல் எவ்வளவு விஷயத்தைக் கறந்துவிட்டார்!

அந்த நேரம் பார்த்து வயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டது.

இரண்டு பெண்களும் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார்கள். ஹமீதா பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். சாவித்திரி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"சீக்கிரம் சாப்பிடுங்க ஐயா. பெரிய சிஸ்டர் வந்துடுவாங்க."

ரெத்தினம் எட்டு பிஸ்கட்டையும் நாலு வாயில் முடித்தார். கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை மாதிரி அல்லவா பார்க்கிறார்கள்! கலங்கிய கண்ணைத் துடைத்த பிறகுதான் வேறொரு கவலை வந்தது. ஒன்றும் கொடுக்காதே என்று டாக்டர் சொன்ன நோயாளிக்கு பிஸ்கட் கொடுக்கிறார்களே, இரண்டு இடத்திலும் பாடம் சரியாக நடத்தவில்லையோ?

இரண்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்தார். "வீட்டு ஆளுங்களுக்குத் தகவல் சொல்லணும். போன் நம்பர் குடுங்க."

தங்கம்மாளுக்குத் தெரிந்தால் தொலைந்தது. வீட்டு நம்பருக்குப் பதிலாக வைரக்கண்ணுவின் டீக்கடை நம்பரைக் கொடுத்தார். கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார் என்று கணக்கு.

டீக்கடைக்கு ஒரு சேதி போனால் அது ஊருக்கே போனது மாதிரி என்பது, அந்த ஊரில் ஐம்பது வருஷம் இருந்தவருக்குத் தோன்றாமல் போயிற்று. வயிற்று வலி என்று போன சேதி, டீக்கடை பெஞ்சில் வயிற்றுக் கட்டியாகி, மாரியம்மன் கோயில் தெருவில் ஆபரேஷனாகி, ரெத்தினத்தின் வீட்டு வாசலை அடையும்போது, 'இன்னிக்குள்ள தஞ்சாவூருக்குக் கொண்டு போகலைன்னா கஷ்டம்' என்று ஆகியிருந்தது.

நாலு மணிக்குத் தங்கம்மாள் வார்டுக்குள் ஓடி வந்தாள். பின்னால் பொன்னி. தங்கம்மாளின் மார்போடு சேர்ந்திருந்தது மஞ்சள் பை.

ரெத்தினம் வயிற்றைப் பிடித்திருந்த கையை எடுத்துப் பையை நோக்கி நீட்டினார்.

"அதை எதுக்குடி எடுத்தே?"

"வாயை மூடுங்க!" என்று அழுதுகொண்டே அவர் நெற்றி நிறைய விபூதியைப் பூசினாள் தங்கம்மாள். "பிரைவேட் ஆஸ்பத்திரியில மூணு லட்சம் ஆகுமாம். பட்டாவை வச்சா வட்டிக்குத் தர ஆள் இருக்காம், வைரக்கண்ணு அண்ணன் சொன்னாரு. நிலம் போனா போகுது, எனக்கு நீங்கதான் வேணும்!"

டாக்டர் காகிதக் கட்டோடு வந்து நின்றார். "வந்துட்டீங்களாம்மா? நல்லது. வலி எங்கன்னே பிடிபடலை. நாளைக்குக் காலையில வயித்தைத் திறந்து பார்த்துடலாம்னு இருக்கோம். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

தங்கம்மாள் பேனாவை வாங்கிவிட்டாள்.

"பொன்னி!" என்று கத்தினார் ரெத்தினம். "கிட்ட வா! காதைக் குடு!"

மகளின் காதில் எல்லாவற்றையும் சொன்னார். எறும்பு, கடப்பாரை, நீலம், ரோஸ், தவணை, எட்டு பிஸ்கட், ஒன்றையும் விடவில்லை. பொன்னியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா," என்று அவர் காதோடு சொன்னாள்.

"கேட்டா, அப்பனுக்குக் கஷ்டம்னு நீ சின்னதைச் சொல்லிடுவே. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பொன்னி அம்மாவின் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கி, அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள்.

"சின்னதே போதும்ப்பா. உங்களுக்காகச் சொல்லலை. அந்த ரோஸ் உடுப்பு அக்கா சொன்னது சரி. கடனோட வேலைக்குப் போனா, நோயாளி கூப்பிடுறப்ப எனக்குத் தவணைதான் ஞாபகம் வரும். கடன் இல்லைன்னா பக்கத்துல நின்னு ரெண்டு வார்த்தை பேசுவேன். இந்த வார்டுல உங்களுக்கு எது நல்லா இருந்துச்சு, ஊசியா?"

ரெத்தினம் யோசித்துப் பார்த்தார். ஊசி இரண்டும் ஒரே மாதிரிதான் வலித்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கொடுத்த பிஸ்கட்தான் தொண்டையில் இன்னும் இனித்தது. அது நீலமா ரோஸா என்று கேட்டால், பாக்கெட் ரோஸ் கொடுத்தது, தண்ணீர் நீலம் கொடுத்தது. அதற்கு எந்த காலேஜிலும் பீஸ் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நீலமே போதும்" என்றார். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உடனே எழுந்து உட்கார்ந்தார். "டாக்டரய்யா! வலி போயிடுச்சுங்க! விபூதி வச்சதும் சுத்தமா நின்னுடுச்சு!"

"அப்படியா!" டாக்டர் வயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே. சரி, வீட்டுக்குப் போகலாம். வழியில நல்லா சாப்பிடுங்க."

தங்கம்மாள் வீரனார் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளிடம் உண்மையைப் பஸ்ஸில், ஜனம் நிறைய இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ரெத்தினம் முடிவு செய்தார். ஹமீதாவுக்கும் சாவித்திரிக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். "எங்க ஊர்க்காரர்கிட்ட மறக்காம சொல்லிடுறேன் பாப்பா." இரண்டு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வரை ரெத்தினம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். ஒரு டாக்டர், ஒரு பெரிய சிஸ்டர், இரண்டு பயிற்சிப் பிள்ளைகள், இத்தனை படித்தவர்களை ஒரு நாள் முழுக்க ஏமாற்றியது சின்னக் காரியமா? பாவம், நல்ல ஜனங்கள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் தோளில் துண்டு இல்லாதது தெரிந்தது. தங்கம்மாளையும் பொன்னியையும் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ராமாயி ஓரத்துக் கட்டிலின் விரிப்பை உதறிக்கொண்டே குரல் கொடுத்தாள்:

"பெரிய சிஸ்டர், கட்டில் காலி! காலேஜ் பார்க்க வந்த அப்பாங்க இன்னும் ரெண்டு பேரு வெளியில வயித்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, யாரை முதல்ல உள்ள விடட்டும்?"