பூகம்பத்துக்கு எத்திராசு கட்டிய பாடை

சதுரங்கப்பட்டினம்
1951, மாசி மாதம்

திருப்போரூரில் வாழும் என் அண்ணன் ஏழுமலை அவர்களுக்குத் தங்கை ஆராயி கும்பிட்டு எழுதுவது. தாங்களும் அண்ணியும் மாடு கன்றும் சுகமாக இருக்கக் கந்தசாமி காப்பாற்றட்டும். இங்கே நான் உயிரோடுதான் இருக்கிறேன், ஊர்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

வடக்கே அசாமில் பூமி பிளந்ததாமே, அதிலிருந்து நம்ம ஜில்லாவுக்கும் பயம் வந்துவிட்டது. செங்கல்பட்டிலிருந்து ஒரு சுகாதார அதிகாரி மருந்துப் பெட்டியோடு வந்து ஊரைக் கூட்டினார். "பெரிய பூகம்பம் வந்தா ஆஸ்பத்திரியே இடிஞ்சிருக்கும், ரோடு இருக்காது, டாக்டர் வரமாட்டார். அடிபட்டவங்களை நீங்களேதான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியாந்து கட்டுப்போடணும், இன்னிக்கே பழகுங்க" என்றார். தூக்குவதற்கு ஸ்ட்ரெச்சர் கட்டச் சொன்னார். ஊரில் மூங்கில் கட்டத் தெரிந்தவன் எத்திராசு ஒருத்தன்தான். சாவுக்குப் பாடை கட்டுகிற கை வேறு எதைக் கட்டும்? பச்சை மூங்கில், குறுக்குக் குச்சி, மேலே தென்னங்கீற்று. பார்த்ததும் ஜனம் பின்னால் நகர்ந்துவிட்டது. "யாராவது அடிபட்ட மாதிரி படுங்க" என்கிறார் அதிகாரி. "இன்னா சார், நாங்க இன்னும் சாவலியே" என்கிறாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா. "அப்போ பெட்டியையும் இதையும் அடுத்த ஊருக்குக் கொடுத்துடறேன்" என்று அவர் எழுந்துவிட்டார்.

அண்ணா, உனக்குத் தெரியாததா? போன ஐப்பசியில் உன் மச்சான் தென்னையிலிருந்து விழுந்தபோது மாட்டு வண்டியில் உட்காரவைத்துத்தானே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "முதுகெலும்பு உடைஞ்சவனை யாரும்மா உக்கார வெச்சது?" என்று டாக்டர் கேட்டது இன்னும் காதிலேயே கிடக்கிறது. அந்தப் பெட்டியும் மூங்கிலும் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று போய்ப் படுத்துவிட்டேன்.

எத்திராசோடு நாலு பேர் தூக்கினார்கள் பார், கால் பழக்கம் விடுமா? பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுடுகாட்டுப் பாதையில் திரும்பிவிட்டார்கள். ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரி பாடுகிற முனியம்மா தன்னை அறியாமல் மாரில் அடித்துக்கொண்டு என் பெயரை வைத்தே ஒப்பாரி எடுத்துவிட்டாள். பாதி வழியில் பாடையை இறக்கித் திருப்புவார்களே, அந்த இடம் வந்ததும் இறக்கியும் வைத்துவிட்டார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, "டேய் எத்திராசு, பள்ளிக்கூடம் அந்தாண்ட கீதுடா!" என்று கத்தினேன். முனியம்மா மயங்கி விழுந்தாள். அதிகாரி அவளுக்குத்தான் முதல் வைத்தியம் பார்த்தார்.

இப்போது சுடுகாட்டுப் பாதையிலிருந்து திரும்பியவள் என்று எந்த வீட்டுக்குள்ளும் என்னை விடுவதில்லை. கிணற்றடிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "புருசன் போயி வருசம் திரும்பல, இவளுக்குப் பல்லக்கு கேக்குது" என்கிறாள் சந்திரம்மா. பாடையை எவன் வீட்டில் வைப்பான் என்று அதையும் பெட்டியையும் என் வீட்டிலேயே போட்டுவிட்டார்கள். காற்றில் கூரை அசைந்தாலும் பூமி ஆடுவது போலிருக்கிறது, திரும்பினால் அந்த மூங்கில், அதைப் பார்த்தால் அவர் ஞாபகம். இனி என்னால் ஆகாது. வெள்ளிக்கிழமை கட்டாயம் வண்டியோடு வா, என்னையும் ஆட்டையும் கூட்டிப்போ.

அண்ணிக்குக் கும்பிடு. உங்கள் கூரையும் தரையும் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆராயி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் சந்திரம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கூரை வேய்ந்துகொண்டிருந்த அவள் புருஷன் விழுந்துவிட்டார். "ஆராயி, அந்தப் பல்லக்க எத்துகினு வாடி!" என்றாள். அசைக்காமல் நேராகப் படுக்கவைத்து, முன்னால் நானே நடந்தேன். சுடுகாட்டுப் பாதை பிரியும் இடத்தில் எத்திராசின் கால் தயங்கியது, ஒரு முறை முறைத்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுப்போட்டு, அப்படியே லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டு போனோம். அதே டாக்டர்தான். பிழைத்துக்கொள்வாராம். "யாரும்மா இவரை நேரா படுக்க வெச்சது?" என்று கேட்டார். "நாந்தான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வராதே. வந்தால் காய்ந்த மூங்கில் இரண்டு கொண்டுவா. எத்திராசு கட்டியது பச்சை, வளைகிறது.