பேர் அப்புறம், விலை முதல்ல

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தபோது கோவர்த்தனனின் வலது கை துண்டுக்குள் இருந்தது. துண்டுக்குள்ளேயே மாம்பழக் கூழ் கம்பெனிக்காரரின் கையும் இருந்தது. வெளியே இருவர் வாயும் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, உள்ளே விரல்கள் தோத்தாபுரி மாங்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தன.

சித்தூர் மாங்காய் மண்டியில் தரகனுக்கு இரண்டே சட்டம். விலை படியும்வரை சரக்கு யாருடையது என்று பேர் சொல்லக் கூடாது. சொன்னால் வாங்குகிறவன் நேரே தோப்புக்கே போய்விடுவான், தரகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுத்தது, விரலைப் பிடித்து முடித்த பேச்சை மாற்றக் கூடாது. மாற்றினவனை மண்டி நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. பெங்களூர் நம்பர்.

கடன்காரர்கள்தான் என்று கோவர்த்தனன் முடிவு செய்தான். மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த ஜிமிக்கியை, மனைவிக்குத் தெரியாமலே மீட்பதற்காக ஆன்லைனில் ஒரு கடன் ஆப்பில் எட்டாயிரம் வாங்கியிருந்தான். கெடு தாண்டிவிட்டது. இது முதலாளி வேதாச்சலத்தின் காதுக்குப் போனால் தீர்ந்தது கதை. வருகிற திங்கட்கிழமை அவர் சீசன் பணத்தை எடுப்பார். தோப்புக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லித் தரகர்கள் கையில் கட்டுக்கட்டாகக் கொடுப்பார். ஆப்பில் கடன் வாங்கி முழிக்கிறவன் கையில் எந்தப் புத்திசாலி கொடுப்பான்? அந்தக் கமிஷனில்தான் வருஷம் பூரா அவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டும்.

மைத்துனன் ஹரிபாபுதான் யோசனை சொன்னான். பாகாலா ஊர்க்காரன், மண்டிக்கு மினி லாரி ஓட்டுகிறவன்.

"ஆப்பை அழிச்சிடு மாமா. அதுவே இல்லன்னா எத்த வெச்சுக் கேப்பான்?"

சொன்னதோடு நிற்காமல் ஃபோனைப் பிடுங்கி அவனே அழித்தும் கொடுத்தான்.

"உன் ஃபோன் எங்க மச்சான்? ஆளையே புடிக்க முடியல."

"தண்ணில வுழுந்துச்சு மாமா. ரெண்டு வாரமா செத்துக் கெடக்குது. நிம்மதியா கீறேன்."

ஆப் போனது. அழைப்பு போகவில்லை. கோவர்த்தனன் மண்டித் தந்திரத்துக்கு மாறினான். அவசரம் காட்டினால் விலை கெடும். கண்டுகொள்ளாமல் இருந்தால் எதிராளி தானே இறங்கி வருவான். நாலைந்து நாள் ஃபோனை எடுக்கவில்லை. எதிராளி இறங்கித்தான் வந்தாள், ஆனால் வேறு வாசல் வழியாக.

"யமுனா யாரு?" என்றாள் மனைவி அலர்மேல்மங்கை, சோற்றுக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி.

"எந்த யமுனா?"

"பெங்களூர் யமுனா. எனக்கு ஃபோன் பண்ணி 'சார் ஏன் ஃபோன் எடுக்க மாட்றாரு, கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க'ன்னா. இன்னா விஷயம்னேன். 'அது பர்சனல், அவராண்டதான் பேசணும்'ங்கறா. கொரலு வேற தேனாட்டம் கீது."

கடன் என்று சொன்னால் ஜிமிக்கி வெளியே வரும். சொல்லாவிட்டால் யமுனா உள்ளே வருவாள். கோவர்த்தனன் நடுவில் ஒரு தோப்பை நட்டான்.

"மாங்கா விஷயம்டி! பிச்சாட்டூர்ல தோப்பு கீது அந்தப் பொண்ணுக்கு. பெங்களூர்ல வேலை பாத்துக்கினு கீது. காயை விக்கணுமாம்."

"அதுல பர்சனல் எங்க வந்துச்சு?"

"மொதல்ல துன்ன உடு."

அன்றைக்குக் கரண்டி கீழே இறங்கவேயில்லை.

மறுநாள் மண்டிக்குள் நுழைந்ததும் வேதாச்சலம் கூப்பிட்டார். "டேய் கோவர்த்தனா, யாருடா அது யமுனா? எனக்கே ஃபோன் பண்ணி உன்னத் தேடுது. இந்த வயசுல இன்னாடா வேலை இது?"

இவர் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவன் குழம்பி நிற்கையிலேயே, பழகிய நாக்கு பிச்சாட்டூர்த் தோப்பை எடுத்து நீட்டிவிட்டது.

வேதாச்சலம் நாற்காலியில் நிமிர்ந்தார். "தோப்பா? எனக்குத் தெரியாம தனியா முடிக்கப் பாத்தியா? கூப்புடு அவளை. என் எதிர்லயே பேசு."

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. ஃபோன் தானே அதிர்ந்தது. கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஹரிபாபுவும் லாரியை நிறுத்திவிட்டு வந்து, மாமாவுக்குப் பக்கபலமாகத் தோளை ஒட்டி நின்றான்.

"வணக்கம் சார், யமுனா பேசறேன். இந்த லோன் யார் பேர்ல இருக்குன்னா—"

"பேர் அப்புறம்மா. விலை முதல்ல."

"இல்ல சார், ரூல்படி பேரைச் சொல்லிட்டுத்தான்—"

"பேரைச் சொன்னா பேச்சே கிடையாது. விலையைச் சொல்லு."

அவள் தயங்கினாள். "பதினெட்டாயிரம் சார்."

எட்டு எப்படிப் பதினெட்டானது? வட்டியா, அபராதமா, வட்டிக்கு அபராதமா? ஆனால் அதிர்ச்சியை முகத்தில் காட்டுகிறவன் தரகனல்ல. கை தானாகவே ஃபோன்மேல் துண்டைப் போட்டு மூடியது.

"இன்னா கேக்கறா?" வேதாச்சலம் கிசுகிசுத்தார்.

"பதினெட்டு."

"டன்னுக்கா? யார் வூட்டுப் பணம்? எறக்குடா!"

"மூணாயிரம்," என்றான் கோவர்த்தனன் துண்டுக்குள்.

"சார், சிரிக்க வெக்காதீங்க."

"சிரிம்மா, நல்லா சிரி. எந்த ஊரு நீ?"

"பிச்சாட்டூர் சார்."

கோவர்த்தனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் விட்ட புளுகு தன்னிடமே வந்து வணக்கம் சொல்கிறது! "தோப்பு... தோப்பு கீதா?"

"இருந்துச்சு சார். நைனா வித்துட்டாரு. அப்புறம்தான் பெங்களூர் வந்தோம்."

"அப்ப உனக்கு நான் சொல்லணுமாம்மா? இன்னிக்கு வித்தா காயி, நாளைக்கு எருவு. பதினெட்டு பதினெட்டுன்னு நீ புடிச்சுக்கினு ஒக்காந்தா ஒத்த ரூபா தேறாது. தர மாட்டேன்னு சொல்லல. என்னால முடியறதைச் சொல்றேன். மாசம் மூணு. மூணு மாசம். மொத்தம் ஒம்போது. அதுக்கு மேல கேட்டா துண்டை உதறிடுவேன்."

"இருங்க சார், மேனேஜரைக் கேக்கறேன்."

ஃபோனில் பியானோ ஒலித்தது. இது மட்டும் படிந்துவிட்டால் திருப்பதி அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி மொட்டை போட்டுக்கொள்வதாக அவன் அவசரமாக ஒரு வேண்டுதலை வைத்தான். மேனேஜர் தாமதிக்கவும், தேங்காய் ஒன்றையும் சேர்த்தான்.

"சார், ஓகே சொல்லிட்டாரு. ஆனா முதல் தவணை இப்பவே போடணும்."

"போடறேன். பேச்சு பேச்சுதான்?"

"பேச்சு பேச்சுதான் சார்."

"ஒம்போதுக்கு முடிஞ்சுது!"

மண்டியே கை தட்டியது. "பதினெட்டை ஒம்போதாக்கிட்டாண்டா!" வேதாச்சலம் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "திங்கக்கிழமை பணத்துல பாதி உன் கையிலதான். அந்தத் தோப்பு மொத்தமும் நமக்கு. ஹரிபாபு, நாளைக்குக் காலையில லாரியைப் பிச்சாட்டூருக்கு உடு!"

"உட்டுடறேன் மொதலாளி," என்றான் ஹரிபாபு. அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "மாமா மாதிரி யாரு பேசுவா? தவணையைப் போடு மாமா, அந்தப் பொண்ணு மனசு மாறிடப் போவுது."

கோவர்த்தனன் மூவாயிரத்தை அனுப்பினான். இல்லாத தோப்புக்கு நாளைக்குப் போகும் லாரியை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம். புயலடித்துக் காயெல்லாம் உதிர்ந்தது என்றால் போயிற்று. கடன் அடங்கியது, அது போதும். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

தண்ணீரில் விழுந்து செத்த ஃபோனை ஹரிபாபு டவுசர் பையிலிருந்து எடுத்து, ஆன் செய்துகொண்டே லாரியில் ஏறுவது தெரிந்தது. கோவர்த்தனன் அதைப் பார்த்தான், ஆனால் யோசிக்கவில்லை. ஜெயித்தவன் எதை யோசிப்பான்?

"இப்பச் சொல்லும்மா பேரை," என்றான் தாராளமாக, துண்டை எடுத்துத் தோளில் போட்டபடி.

"ஒரு வாரமா அதைத்தான் சார் சொல்ல வரேன்: பாகாலா ஹரிபாபு அவர் கடனுக்கு உங்க மூணு பேர் நம்பரையும் குடுத்தாரு, நீங்க வெறும் ரெஃபரன்ஸ், கட்டவே வேணாம், ஆனாலும் பெரிய மனசு பண்ணி ஏத்துக்கினீங்க, உங்க பேர்ல இருக்கற எட்டாயிரத்துக்கு நாளைக்கு எங்க மேனேஜரே பேசுவாரு, அவருக்குப் பேரம் பேசறவங்களைக் கண்டாலே ஆகாது."