எதிர்த்தரப்பு இல்லாத ஊர்

மணிவாயில் என்று ஒரு நகரம். வரைபடத்தில் தேடினால் அகப்படாது. ஆனால் நம்மில் பலர் அங்கே ஒருமுறையாவது பஸ் மாறியிருப்போம். அந்த நகரத்துக்கு ராஜா கிடையாது, தேர்தல் உண்டு. ஆளுகிற பொறுப்பை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நகரத்தந்தை கலியபெருமாளிடம் மாநகராட்சி இருந்தது. வணிகர் தலைவர் ரத்தினசபாபதியிடம் சாய ஆலைகள் இருந்தன. சங்கத் தலைவர் தோழர் இடிமுரசிடம் அந்த ஆலைகளின் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

மூவருக்கும் ஆகாது. ஊரின் பெரிய சாக்கடை ஏன் அடைத்துக்கொள்கிறது என்பதில்தான் பகை. ஆலைச் சேறுதான் காரணம் என்பார் நகரத்தந்தை. மாநகராட்சி தூர் வாருவதில்லை என்பார் வணிகர் தலைவர். இரண்டு பேருமே தொழிலாளியின் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்பார் தோழர். இந்தச் சண்டையால் ஊருக்கு ஒரு சின்ன லாபம் இருந்தது. நகரத்தந்தைக்குக் கோபம் வந்தால் ஆலைக் குழாய்க்குப் பூட்டு விழும். தோழருக்குக் கோபம் வந்தால் மறியல் நடக்கும், மறுநாள் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வரும். யாரை யார் மீது ஏவினால் எந்த வேலை நடக்கும் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் மூன்று தலைவர்களின் வீட்டுக்குள்ளும் புகுந்தது. மூவரும் ஒரே படகில் மீட்கப்பட்டார்கள். படகை விட்டு இறங்கும்போது நண்பர்களாக இறங்கினார்கள். முத்தரப்பு நல்லிணக்கப் பேரவை பிறந்தது. "இனி இந்த நகரத்தில் குற்றம் சாட்டுபவரும் இல்லை, குற்றம் சாட்டப்படுபவரும் இல்லை" என்று நகரத்தந்தை மைக்கில் அறிவித்தார். ஊரே கை தட்டியது.

கை தட்டியவர்களில் வடிவாம்பாளும் ஒருத்தி. ஊரின் தாழ்ந்த பகுதியில் இருந்த சாயக்காரர் தெருவில் அவள் வீடு. அவளுடைய கணவன் அருமைநாயகம் ரத்தினசபாபதியின் ஆலையில் துணி முக்குகிறவன், இடிமுரசின் சங்கத்தில் உறுப்பினன். இனி நல்ல காலம்தான் என்று நம்பி அன்று வீட்டில் கேசரி கிளறினாள்.

பேரவையின் முதல் தீர்மானம், சாக்கடையைக் கான்கிரீட் பலகையால் மூடுவது. கண்ணில் படுவதால்தான் அது சச்சரவுக்குக் காரணமாகிறது என்று கண்டறிந்திருந்தார்கள். மூடினார்கள். போக வழியில்லாத தண்ணீர் சாயக்காரர் தெருவில் மேலே வந்தது. திங்கட்கிழமை ஊதாவாக, வியாழக்கிழமை பச்சையாக, ஆலையில் எந்தத் துணி ஓடுகிறதோ அந்த நிறத்தில் வந்தது. பிறகு குடிநீர்க் குழாயிலும் அதே நிறம் லேசாகத் தெரிந்தது. எதிர்வீட்டுக் கிழவர் வயிற்றுப்போக்கில் இறந்தார். வடிவாம்பாளின் ஐந்து வயது மகள் செவ்வந்திக்குக் கண் மஞ்சளித்தது.

வடிவாம்பாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்தந்தையிடம் போனாள். பழைய வழக்கப்படியே பேச்சை எடுத்தாள்.

"ஐயா, ஆலைத் தண்ணியால எம் புள்ள சாகக் கெடக்குதுங்க. அந்த முதலாளிய நீங்கதான் கேக்கணும்."

நகரத்தந்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, ஆலைத் தண்ணீர் என்று பிரித்துப் பேசாதீர்கள். அது நம் தண்ணீர். உங்கள் வேதனையில் பேரவை முழுமையாகப் பங்கேற்கிறது."

"பங்கு வேணாங்க. அடைப்ப எடுத்தாப் போதும்."

"அதில் எங்களுக்குள் முழு ஒற்றுமை இருக்கிறது" என்று கைகூப்பினார்.

அங்கிருந்து சங்க அலுவலகத்துக்குப் போனாள். தோழர் இடிமுரசு அவளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"மறியல் பண்ணுங்க தோழர். போன தடவை பண்ணினீங்களே, மறுநாளே மோட்டார் வந்துச்சு."

"பண்ணலாம்மா. ஆனா யாரை எதிர்த்துப் பண்றது? பேரவையிலே நானும் இருக்கேன். என்னையே நான் மறிச்சா நல்லாவா இருக்கும்?"

கடைசியில் ஆலை வாசலுக்கே போனாள். காவலாளி விரட்டுவான், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். ரத்தினசபாபதி தாமே வெளியில் வந்து பிள்ளையின் தலையைத் தடவினார். "எந்தப் பாவி இப்படிச் செஞ்சான்? சொல்லும்மா, அவனைச் சும்மா விடமாட்டேன்" என்றார். வடிவாம்பாள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். "மூணு பேருமே நம்ம பக்கந்தான் பேசுறாங்க. ஆனா தண்ணி மட்டும் வடியல. எங்க தப்பா நடக்குதுன்னே புரியலங்க."

"எனக்கும் அதேதான் கொழப்பம். மொதலாளி வந்தா எந்திரிச்சு நிக்கிறதா, கையப் புடிச்சுக் குலுக்கறதான்னே தெரியல" என்றான் அருமைநாயகம்.

பிள்ளை ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டது. கைகால் குச்சியாகிவிட்டது. தெரு ஜனங்கள் கூடிப் பேசி, வடிவாம்பாளின் பெயரில் நியாய மன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சாயக்காரர் தெரு மக்கள் தண்ணீர் தேங்காத இடத்தில் வாழ வேண்டும், அதற்கு ஆவன செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

விசாரணை நாளில் நீதிபதி கேட்டார். "எதிர்த்தரப்பு யார்?"

நகரத்தந்தை எழுந்து, தாம் மனுதாரர் தரப்பு என்றார். ரத்தினசபாபதியும் மனுதாரர் தரப்பு. தோழர் இடிமுரசு அதற்குள் வடிவாம்பாளுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த பெஞ்சு காலியாகக் கிடந்தது. எதிர்ப்பில்லாத மனுவை விசாரிக்க நீதிபதிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துத் தீர்ப்பு எழுதினார். தெரு ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் பேரவை கூடித் தீர்ப்பை நிறைவேற்றும் வழியை ஆராய்ந்தது.

"ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டார் நகரத்தந்தை.

"ஏரி" என்றார் வணிகர் தலைவர்.

"ஏரிக்குள் வீடு கட்டலாமா?"

"கூடவே கூடாது. இயற்கை பொறுக்காது" என்றார் தோழர்.

சாயக்காரர் தெரு ஏரியாக அறிவிக்கப்பட்டது. தெரு ஜனங்கள் ஏரியை ஆக்கிரமித்தவர்கள் ஆனார்கள். ஆனாலும் தண்டனை கிடையாது. தீர்ப்பின்படி அவர்களைத் தண்ணீரே தேங்காத இடத்தில் குடியமர்த்த முடிவாயிற்று. ஊருக்கு வெளியே வறட்டுமேடு என்றொரு பாறைக்குன்று இருந்தது. பெய்கிற மழையே அங்கே நிற்பதில்லை.

காலி செய்யும் நாளன்று வணிகர் தலைவர் லாரிகள் கொடுத்தார். நகரத்தந்தை கொடியசைத்தார். தோழர் சங்க உறுப்பினர்களைச் சாமான் ஏற்றும் சேவைக்கு அனுப்பினார். வடிவாம்பாள் வீட்டுக்குள் சேவையாளரின் பச்சை அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த ஆள் அருமைநாயகம்.

"என்னங்க இது? நம்ம வீட்டயே காலி பண்ண நீங்களே வந்திருக்கீங்க?"

"சங்கத்துல இந்த வீட்டு வரிசைய எனக்குப் போட்டுட்டாங்க. வரமாட்டேன்னா ஒத்துமையக் கெடுக்கிறேம்பாங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டிலோட அந்தப் பக்கத்தக் கொஞ்சம் புடி."

"நான் வீட்ட விட்டு வரமாட்டேன்னு உக்காந்துட்டா என்ன செய்வீங்க?"

அருமைநாயகம் கட்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "சேவைக்கு வந்தவனா உன்னத் தூக்கி லாரியில வைக்கணும். வீட்டுக்காரனா உங்கூடவே உக்காரணும். ரெண்டையும் எப்படிச் செய்யறதுன்னு தெரியல வடிவு. எனக்காக எந்திரி."

அவள் எழுந்தாள். கட்டிலின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை அவன் பிடித்தான். கூட்டுறவுக்கு அழகான உதாரணம் என்று பேரவையின் படக்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

வறட்டுமேட்டில் சாக்கடைத் தொல்லை இல்லை. குடிக்கவும் தண்ணீர் இல்லை. வாரம் இருமுறை லாரி வந்தது. கிழக்கிலிருந்து வருகிறதா மேற்கிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் பெண்கள் இரண்டு பக்கமும் குடத்தோடு ஓடினார்கள். கீழே, அவர்கள் தெரு இருந்த இடத்தில் படகு விட்டார்கள்.

குடியேற்ற விழாவுக்குப் பேரவை மேட்டுக்கு வந்தது. குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்றார் நகரத்தந்தை. வடிவாம்பாள் எழுந்து முன்னால் போனாள்.

"ஐயா, குறை சொன்னா எங்களுக்கு முந்தி நீங்க அழுதுடுறீங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் எங்களுக்கு எதிரா நில்லுங்க. யாருகிட்ட சண்ட போடணும்னு தெரிஞ்சாலே பாதி நிம்மதி. இன்னிக்கு நாங்க போய்க் கத்துறதுக்கு ஒரு வாசப்படிகூட இல்ல."

கூட்டம் முதல்முறையாக மனசாரக் கை தட்டியது. தலைவர்கள் மூவரும் பந்தலுக்குப் பின்னால் போய் ஆலோசித்தார்கள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"மக்கள் எதிர்த்தரப்பு கேட்கிறார்கள். அது அவர்களின் உரிமை" என்று தோழர் முழங்கினார். "பேரவை ஒருமனதாக எதிர்ப்புத் துணைக்குழு ஒன்றை அமைக்கிறது. இந்தப் பெரும் பொறுப்பை வெளியாள் தலையில் கட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் மூவருமே ஏற்கிறோம்."

அடுத்த தேர்தலில் பேரவையும் துணைக்குழுவும் மோதின. வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் மூன்று தலைவர்களும் இடப்பக்கம் பார்த்தார்கள், மற்றதில் வலப்பக்கம். வடிவாம்பாள் மறைப்புக்குள் நின்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏம்மா, வரிசை நிக்குது" என்று அதிகாரி அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் குத்தினாள்.

துணைக்குழு அமோக வெற்றி பெற்றது. கொடுங்கோல் பேரவை வீழ்ந்தது என்று தெருவெல்லாம் வெடி வெடித்தார்கள். ஆட்சிப் பொறுப்பை ஒப்படைக்கும் விழாவில் மூவரும் எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். வடிவாம்பாளும் கை தட்டினாள்.

"நீ எதுக்குத் தட்டுற?" என்றான் அருமைநாயகம்.

"ஏதோ மாறிருச்சுங்கறாங்களே. எனக்குப் புரியாட்டி அது இல்லன்னு ஆயிடுமா?"

புதிய ஆட்சியின் முதல் உத்தரவே அவளுக்காகத்தான் போட்டது போல இருந்தது. ஏழைகளின் தெருவை ஏரியாக்கியது பழைய ஆட்சி செய்த மாபெரும் அநீதி என்றும், ஏரியைத் தூர்த்து அங்கே மறுபடியும் தெரு அமைக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். சாக்கடை அடைப்பும் எடுக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மண் கொட்டி, ரோடு போட்டு, மாடி வீடுகள் எழும்பின. வடிவாம்பாள் நகரத்தந்தையைத் தேடிப் போனாள்.

"எங்க தெருவ மீட்டுக் குடுத்துட்டீங்க. ரொம்பச் சந்தோசங்க. நாங்க எப்ப வரலாம்?"

"தாராளமாக வரலாமே" என்றார் அவர். "ஒரே ஒரு சிக்கல் அம்மா. அந்தத் தெரு இந்த மாதம்தான் பிறந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்தது ஏரி. ஏரிக்குப் பழைய குடியிருப்பாளர்கள் என்று யாராவது இருக்க முடியுமா? உங்கள் நிலைமையை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது."

அவருக்குக் கண் கலங்கத் தொடங்குவதைப் பார்த்ததும் வடிவாம்பாள் எழுந்து வந்துவிட்டாள்.

கோடை வந்தது. மேட்டுக்கு வந்துகொண்டிருந்த லாரியும் நின்றது. ஒருநாள் பகலில் செவ்வந்தி தண்ணீர் கேட்டு அழுது, பிறகு அழுகையும் இல்லாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். வடிவாம்பாள் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி நேராகப் புதுத் தெருவுக்கு நடந்தாள். நுழைவாயிலில் இரும்புக் கதவு போட்டிருந்தது. கதவுக்கு மேல் தங்க எழுத்துப் பலகை. அதற்குக் கீழே நீலச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர். உள்ளே பூச்செடிகளுக்கு நடுவில் ஒரு குழாய், நிறமில்லாத தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போறீங்க? உள்ள குடியிருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் அனுமதி."

"ஒரு கொடம் தண்ணி குடுங்கய்யா. புள்ள மயங்கிக் கெடக்கு."

"வெளியாளுக்குக் குடுத்தா என் வேல போயிடும்மா. எதுத்துப் பேசாமப் போங்க." சொல்லிவிட்டு அவர் குடத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க வறட்டுமேடா?"

"ஆமாங்க. இதுக்கு முந்தி இங்கதான்."

காவல்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்து முழுதாகத் திறந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து இடுப்பில் ஏற்றிவிட்டார். பிறகு எதையோ கேட்கத் தயங்கியவராய்த் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். "மக்கள் தெரு" என்று அதில் எழுதியிருந்தது.

"தெனமும் இதுக்குக் கீழதான் நிக்கிறேன். ஏம்மா, இது நம்மளத்தான சொல்லுது?"

வடிவாம்பாள் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"எனக்கும் அப்படித்தான் படுதுங்க" என்றாள். "உறுதியாச் சொல்ல முடியல."