மூன்றாம் இடம் பிடித்த சாம்பார்

புள்ளியியல் படித்தவர்களிடம் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. பட்டுத் தெளிந்தவள் சொல்கிறேன்.

நான் திருப்பதியில் எம்.எஸ்சி. முடிக்கும் நேரம், புத்தூரில் அக்காவுக்குக் கல்யாணம். சமையலுக்கு மூன்று பேர் போட்டி. "யாருது ருசியோ அவங்களை வெச்சிக்கலாம்" என்றார் நைனா. விட்டேனா? பன்னிரண்டு சொந்தக்காரர்கள், ஒவ்வொருவரும் மூன்று சாம்பாரையும் ருசித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் போட வேண்டும். இடங்களைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நிஜமா என்று தெரிந்துவிடும். (அந்த வாரம்தான் பாடத்தில் நடத்தியிருந்தார்கள். சூடு ஆறவில்லை.)

எல்லாரையும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்பது திட்டம். பெரியம்மா கொதித்துவிட்டார்.

"ஒரு ஸ்பூன் நக்கிட்டு கொறை சொல்றதா? சமைச்சவன் இன்னா நெனப்பான்? எலையைப் போடுடி!"

முதல் ஆளின் சாம்பாரை இலை நிறையச் சோற்றோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டாமவருக்கு அரை இலை. மூன்றாவது வந்தபோது சித்தப்பா சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு சீட்டிலும் அதே ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பசியில துன்னா எல்லாம் ருசியாத்தானே இருக்கும்?" என்றார் நைனா.

"கணக்கு பொய் சொல்லாது நைனா."

பரிமாறும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்று அதே பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்ததாம். அதை நான் புரட்டவில்லை.

கல்யாணத்தன்று வந்தவர்கள் காலையிலேயே டிபனை ஒரு கை பார்த்திருந்தார்கள். மத்தியானம் முதல் பந்தியிலேயே, ஒன்றாம் இடம் பிடித்தவரின் சாம்பாரால் மானம் போயிற்று. பாகாலாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மாமா, "இதி சாம்பாரா, சமுத்ரமா?" என்று இலையை மூடிவிட்டு எழுந்தார். அக்காவின் கண் கலங்கியது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை. பக்கத்து மண்டபத்தில் சமைத்துக்கொண்டிருந்தவர் நான் கழித்துவிட்ட அந்த மூன்றாவது ஆள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"அண்ணா, ரெண்டு குண்டான் சாம்பார் வேணும்."

"அன்னிக்கு என்னை எத்தினியாவது போட்டே?"

"மூணாவது."

"எத்தினி பேர்ல?"

"மூணு பேர்லண்ணா."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த மண்டபத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குண்டான்களைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எழுந்துபோன மாமாவை இரண்டாம் பந்தியில் கெஞ்சி உட்கார வைத்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது நான் கல்லூரியில் இதே பாடம் நடத்துகிறேன். வீட்டில் மட்டும் மரியாதை கிடையாது. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மாமியார் முன்னாலேயே கேட்பாள்:

"பசியில சொல்றியா, நெசமா சொல்றியா?"