பன்னிரண்டு நாள் முந்திய திவசம்

காலத்தைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்கள் உலகில் இருவரே. ஒருவர் சூரிய பகவான். மற்றது எங்கள் ‘வருடாந்த உட்பிரவேச அனுமதிப் பிரிவு’. சூரியனாவது மழை நாளில் வராமல் விடுவார். நாங்கள் எட்டரைக்குக் கதவைத் திறந்துவிடுவோம்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் முட்கம்பிக்குள் அகப்பட்ட காணிகளின் சொந்தக்காரர்கள், தங்கள் காணியைத் தாங்களே பார்த்துவர வருடத்துக்கு ஒரு தடவை அனுமதி வழங்குவது எங்கள் ‘சேவை’. ஒருமுறை போனவர் மறுபடி போக முழுதாக ஒரு வருடம் கழிய வேண்டும். சட்டம் அப்படி.

போன ஆவணி அமாவாசைக்கு உள்ளே போய்க் கணவரின் திவசத்தைச் செய்தவர் நாகேஸ்வரி அம்மா. இந்த ஆவணி அமாவாசைக்கும் அனுமதி கேட்டுக் கொடிகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பணிப்பாளர் சோமசேகரம் கல்குலேற்றரைத் தட்டினார்.

“அம்மா, அண்டைக்கு முந்நூற்றைம்பத்துநாலு நாள்தான் ஆகும். வருசம் முடியாது.”

“திவசம் திதியிலைதானே ஐயா வரும்? இந்தமுறை அமாவாசை முந்தீட்டுது.”

“சந்திரன் முந்தலாம், திணைக்களம் முந்தேலாது. வருசத்துக்கு முந்நூற்றறுபத்தைஞ்சு நாள். இன்னும் பதினொரு நாள் பொறுங்கோ.”

இங்கேதான் என் அறிவு நாட்டுக்குப் பயன்பட்டது.

“சேர், இது நெட்டாண்டு. பெப்ரவரியிலை ஒரு நாள் கூட வந்தது. பன்னிரண்டு நாள் பொறுக்கவேணும்.”

சேர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அவசரக் கூட்டம் கூடியது. ரோல்சும் தேத்தண்ணியும் வந்தன. அரசுக்குச் சேரவேண்டிய ஒரு நாளை மீட்டுக் கொடுத்தமைக்காக என்னைப் பாராட்டி ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நாகேஸ்வரி அம்மா அதுவரை வாசலோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“பிந்திப் போய் ஆருக்கு ஐயா படைக்கிறது? அந்த மனுசன் கண்ணை மூடினது அந்த வீட்டிலை. திதியண்டைக்குத்தான் என்னைத் தேடி வரும்.”

“அப்ப அடுத்த அமாவாசைக்குப் போங்கோவன்.”

“அது புரட்டாதி. அவர் ஆவணியிலை செத்தவர்.”

“மாசம் பிந்திச் சாகாதது எங்கடை பிழையோ?”

அம்மா மேசைக்குக் கிட்ட வந்தார்.

“தொண்ணூறாம் ஆண்டு, ‘ரெண்டு நாளிலை திரும்பி வரலாம், வெளிக்கிடுங்கோ’ எண்டுதான் எங்களை எழுப்பினவை. உலையை இறக்கி வைச்சிட்டு வந்தனான். அந்த ரெண்டு நாள் எப்ப முடியும்? அதையும் ஒருக்கால் தட்டிப் பாருங்கோ.”

சேர் கல்குலேற்றரை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

“வருசத்தை நாளாக்கிறதுதான் எங்கடை வேலை. நாளை வருசமாக்கிறது வேறை திணைக்களம்.”

அமாவாசையன்று அம்மா கம்பிக்கு வெளியே, றோட்டோரத்தில் தலைவாழை இலை போட்டுப் படைத்தார். உள்ளேயிருந்து காகங்கள் அனுமதி பெறாமல் வந்து தின்றுவிட்டுப் போயின. அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க எங்களிடம் ஆளணி இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அனுமதியை நானே நேரில் கொண்டுபோனேன். அம்மா கையால் தொடவில்லை. நன்றி கெட்ட சனம்! அவருடைய முப்பத்துநாலு வருடத்தை விழுங்கியவர்களிடம் ஒரு நாளைக்கூடத் திருப்பிக் கேட்காத எங்கள் பிரிவு, புருசனுக்குச் சோறு வைக்க வந்தவளிடம் பன்னிரண்டு நாளையும் ஒன்று குறையாமல் அறவிட்டிருக்கிறது.