பல் டொக்டரிடம் சொன்ன ஆறு 'இல்லை'கள்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. எங்கே சொல்வது என்றுதான் தெரியாது. மனிதன் யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லிவிட்டுப் போகலாம், அவன் வாய்க்குள் லைற் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற பல் டொக்டரிடம் மட்டும் சொல்லக் கூடாது. நான் அவரிடம்தான் சொன்னேன். ஒன்றல்ல, ஆறு.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எங்கள் வீடு அளவெட்டியில். பண்டத்தரிப்பில் சுகந்தி என்ற பெண்ணின் சாதகம் எனக்குப் பொருந்தியிருந்தது. அவளுடைய படத்தைப் பார்த்த நாளிலிருந்து வேறு பெண்ணே வேண்டாம் என்ற நிலையில் இருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் சாதகம் பொருந்தினால் பாதிக் கிணறுதான். மீதி விசாரிப்பு. மாப்பிள்ளை முடி வெட்டுகிற கடையிலிருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிற இடம் வரை பெண் வீட்டார் சத்தமில்லாமல் விசாரிப்பார்கள். யார் அவர்களுடைய ஆள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. (அந்த மாதம் பால்காரரைக்கூட 'ஐயா' என்று கூப்பிட்டேன். அவர் பயந்துவிட்டார்.)

அந்த நேரம் பார்த்து எனக்குப் பல் முரசு (ஈறு) வீங்கியது. பல் தீட்டித் துப்பினால் இரத்தம். கீழ்ப்பல் இரண்டு ஆடின. பெண் பார்க்கப் போய் வடையைக் கடித்துப் பல்லைத் தட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வது என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் பக்கத்தில் ஒரு நேர்ஸ் படிவத்தோடு நின்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மிஸ்ஸி எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பண்டத்தரிப்பு."

எனக்கு விளங்கிவிட்டது, இவர் சுகந்தி வீட்டாரின் ஆள். (ஒன்றும் விளங்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.)

"சிகரெட் குடிக்கிறனீங்களோ?" என்று டொக்டர் தொடங்கினார்.

"இல்லை." பெட்டி சட்டைப் பையில் இருந்தது.

"வெத்திலை, புகையிலை?"

"இல்லை, மணமே பிடிக்காது."

"வீட்டிலை ஆருக்கும் சீனி வருத்தம்?"

"இல்லை." அந்த நிமிடம் என் அப்பா இரண்டு கட்டிடம் தள்ளி, கிளினிக் கொப்பியோடு சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வரிசையில் நின்றார்.

"சொந்தத்திலை ஆருக்கும் முரசு வருத்தம்?"

"இல்லை." அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கட்டுப்பல்.

"ராவிலை பல்லுத் தீட்டாமல் படுக்கிறனீங்களோ?"

"இல்லை, இல்லை."

"மனசிலை ஏதும் யோசினை, கரைச்சல்?"

"இல்லை." சட்டை வியர்வையில் கதிரையோடு ஒட்டியிருந்தது.

நேர்ஸ் ஆறையும் அழகாக எழுதினார். டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஒரு காரணமும் இல்லாமல் இந்த வயசிலை முரசு இப்பிடிக் கரையாது. இரத்தத்திலை ஏதும் பெரிய வருத்தமோ தெரியேல்லை. செக் பண்ணவேணும்" என்று கடிதம் தந்தார்.

கடிதத்தை அம்மா பார்த்துவிட்டார். ஊரில் ஆயிரம் பேர் இருக்க, எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வைக்கலாம் என்று கல்யாணத் தரகரிடம் கேட்டிருக்கிறார். தரகரிடம். என் தாயை என்ன சொல்வது?

அடுத்த நாள் பெண்ணின் தகப்பன் வந்து இறங்கினார். பின்னால் சுகந்தியும். பெண் வந்து மாப்பிள்ளை பார்த்தது எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல் தடவை.

"தம்பி, இரத்தத்திலை என்னவோ எண்டு கேள்விப்பட்டம். மறைக்காமல் சொல்லுங்கோ. நிப்பாட்டுறதெண்டால் இப்பவே நிப்பாட்டுவம்" என்றார் அவர்.

எல்லாம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்ததும் சிகரெட், புகையிலை, இரவில் பல் தீட்டாதது என்று ஒன்று விடாமல் கொட்டினேன். அப்பாவின் சீனி வருத்தத்துக்கு வந்தபோது பக்கத்தில் இருந்த அப்பாவே தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று வைத்தார்.

"எனக்குச் சீனி இல்லையெண்டோ சொன்னனீ? பதினெட்டு வருசமாக் குளிசை போடுறன்." பட்டத்தைப் பறித்த மாதிரி அவருக்கு அவ்வளவு கோபம்.

சுகந்தி அப்போதுதான் வாய் திறந்தாள். "உதெல்லாம் ஏன் எங்களிட்டைச் சொல்லுறியள்? அந்த டொக்டரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. சிகரெட்டை விட்டிட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்."

போனேன். ஆறு 'இல்லை'யும் ஆறு 'ஓம்' ஆயின. செக் பண்ணிப் பார்த்ததில் இரத்தத்தில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை, எனக்கும் சீனி தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னேன் என்று விளக்கியதும் நேர்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, என்ரை ஊர் வவுனியா. பண்டத்தரிப்பிலை வாடகைக்கு வந்து ரெண்டு மாசம். எனக்கு அங்கை வீட்டுக்காரரைத் தவிர ஒருத்தரையும் தெரியாது."

சிகரெட்டை விட ஐந்து மாதம் ஆனது. சுகந்தி காத்திருந்தாள். ஆடிய பற்கள் இரண்டும் காத்திருக்கவில்லை. எங்கள் கல்யாண அல்பத்தில் நான் வாய் திறந்து சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை.

இப்போது என் மகளுக்குப் பத்து வயது. ஒளித்து வைத்த ரொபி மிட்டாயைத் தின்றாயா என்று கேட்டால், "இல்லை" என்பாள். சுகந்தி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"உது உண்மையான 'இல்லை'யோ, உன்ரை கொப்பர் பல் டொக்டருக்குச் சொன்ன 'இல்லை'யோ?"

பிள்ளை என்னைப் பார்க்கும். நான் எழும்பிப் போய்ப் பல் தீட்டுவேன்.